கப்பல் ஒரு பகல் மட்டும் நிற்கிறது: டூர் பஸ் இல்லாமல் வடசென்னையை நாங்களே சுற்றலாமா?

பினாங்கு_செல்வி:

வணக்கம். ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது. காலை 7 மணிக்கு வருகை, மாலை 6 மணிக்குப் புறப்பாடு. 5 மணிக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும் என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். நாங்கள் தொடும் முதல் இந்தியத் துறைமுகம் சென்னைதான். அடுத்து கொழும்பு, அதற்கடுத்து கொச்சி.

மூன்று பேர் வருகிறோம்: நான், கணவர், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படிதான் சிரமம். கப்பலில் விற்கும் சுற்றுலா மாமல்லபுரம். போக வர பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும் போலிருக்கிறது. அதைவிடத் துறைமுகத்தை ஒட்டியே இருக்கும் ஜார்ஜ் டவுன், ராயபுரம், காசிமேடு, முடிந்தால் திருவொற்றியூர் கோயில் என்று நாங்களே பார்க்கலாம் என நினைக்கிறோம். இதெல்லாம் ஒரே நாளில் நடக்குமா? எதை முதலில் வைப்பது? துறைமுகத்திலிருந்து வெளியே வருவது எப்படி? கடப்பிதழ் கையில் இருக்க வேண்டுமா?

ராஜாஜி_சாலை:

சகோதரி, நான்கையும் பார்க்க முடியாது. இரண்டை நிதானமாகப் பார்க்கலாம்.

கப்பல் 7 மணிக்கு வருகிறது என்றால் 7 மணிக்கு நீங்கள் தெருவில் இருப்பீர்கள் என்று எண்ண வேண்டாம். கப்பலைக் கட்டி, ஏணி இறக்கி, அதிகாரிகள் ஏறி அனுமதி கொடுத்த பிறகுதான் ஆட்கள் இறங்க ஆரம்பிப்பார்கள். முதல் இந்தியத் துறைமுகம் என்பதால் ஒவ்வொருவரும் இமிக்ரேஷன் மேசை முன்னால் நேரில் நிற்க வேண்டியிருக்கும். டூருக்குப் பணம் கட்டியவர்களை முதலில் இறக்கிவிட்டு, தனியாகப் போகிறவர்களைப் பிறகு கூப்பிடுவது பெரும்பாலான கப்பல்களில் வழக்கம். ஆகவே துறைமுக வாசலைத் தாண்டும் நேரம் 9.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது 4 மணிக்கு வாசலில் இருந்தால்தான் சோதனை, ஷட்டில் பஸ், வரிசை எல்லாம் போக 5 மணிக்கு முன்னால் நிம்மதியாக ஏறலாம். மிச்சம் இருப்பது ஆறரை மணி நேரம்.

இது சரக்குத் துறைமுகம். உள்ளே கன்டெய்னர் லாரியும் கிரேனும் ஓடிக்கொண்டிருக்கும், பயணிகளை நடக்க விடமாட்டார்கள். கப்பலடியிலிருந்து வாசல் வரை பஸ்தான். ஆட்டோவும் டாக்சியும் உள்ளே உங்களைத் தேடி வராது. காவல் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை) கையில் இருக்கிறது. துறைமுகத்துக்குள்ளும் வாசலிலும் போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள், அதற்காக நிறுத்திவைத்தால் அரை மணி நேரம் வீண்.

ராஜாஜி சாலை நெடுக எண் போட்ட வாசல்கள் பல இருக்கின்றன. எந்த வாசலில் விடுகிறார்கள், திரும்ப எதில் ஏற்றுகிறார்கள் என்று பஸ்ஸிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் மேப்பில் அந்த இடத்தில் புள்ளி வைத்துவிடுங்கள். சாயங்காலம் ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘ஹார்பர்’ என்று சொன்னால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கினாலும் இறக்குவார், அதையும் இங்கே ஹார்பர் என்றுதான் சொல்கிறோம். ‘பீச் ஸ்டேஷன் எதிர்ல’ என்று சொல்லி, பிறகு வாசல் எண்ணைச் சொல்லுங்கள்.

வாசலில் ‘சிட்டி டூர்’ என்று சூழ்ந்துகொள்ளும் வண்டிகளைத் தவிர்த்துவிடலாம். ரேட் குறைவாகத்தான் சொல்வார்கள். நடுவில் இரண்டு மூன்று கைவினைப் பொருள் கடைகளுக்குள் ஏற்றி இறக்குவார்கள், உங்கள் நேரம் அங்கே கரையும். நூறடி தள்ளி வந்து ஆப்பில் ஆட்டோ போட்டுக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு வெளியே வந்ததுமே பார்க்க நிறைய இருக்கிறது. ராஜாஜி சாலையின் மேற்குப் பக்கம் ஜெனரல் போஸ்ட் ஆபீஸ், 1884-இல் கட்டியது, வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். செங்கல் சிவப்பில் ஸ்டேட் பாங்க் கட்டடமும் அதே வரிசையில்தான். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக அறுபதுகளின் கடைசியில் உருவான பர்மா பஜார் பீச் ஸ்டேஷன் பக்கம் நீளமாகப் போகும். தெற்கே நடந்தால் பாரிமுனை: 1788-இல் தாமஸ் பாரி தொடங்கிய கம்பெனியின் பெயர் ஒட்டிக்கொண்ட முனை. அதைத் தாண்டினால் உயர் நீதிமன்றம். 1892-இல் திறந்த கட்டடம். அதன் பெரிய கோபுரம்தான் 1894 முதல் 1977 வரை சென்னையின் கலங்கரை விளக்கம். அதற்கு முந்தைய விளக்கு, 1844-இல் எழுப்பிய கல் தூண், இன்னும் வளாகத்துக்குள் நிற்கிறது. வேலை நாளில் வழக்கு இல்லாதவர்கள் உள்ளே போவது கஷ்டம், வெளியிலிருந்தே பாருங்கள். கிழக்கு மதிலில் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் கடலில் நின்று துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. நீங்கள் வந்து இறங்கும் அதே துறைமுகம்.

புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்கள் நாளும் வெள்ளிதான், அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680-இல் திறந்தது. ராபர்ட் கிளைவ் கல்யாணம் செய்துகொண்டது அங்கேதான், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் தலைமைச் செயலகமும் அதே கோட்டைக்குள் இருப்பதால் வேலை நாளில் அடையாள அட்டை, பைச் சோதனை எல்லாம் உண்டு. அசல் பாஸ்போர்ட் கையில் இல்லாத வெளிநாட்டவர் அங்கே பேசிப் புரியவைக்க நேரமாகும்.

காலையில் ஜார்ஜ் டவுன், மதியத்துக்குமேல் திருவொற்றியூர். இதுதான் என் யோசனை.

தேரடி:

மேலே சொன்னதில் நேரக் கணக்கும் வாசல் விஷயமும் அப்படியே சரி. கடைசி வரி மட்டும் தலைகீழ். மதியம் திருவொற்றியூர் போனால் பூட்டிய கோபுரக் கதவைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். தியாகராஜர் கோயில் நடை நண்பகலில் சாத்தினால் மாலையில்தான் திறக்கும், அந்த நேரம் இவர்கள் கப்பல் வரிசையில் நிற்க வேண்டும். தவிர, தூரமான இடத்தை முதலில் முடித்துவிட்டு, நேரம் ஆக ஆகக் கப்பலை நோக்கி நகர்ந்துகொண்டே வருவதுதான் இந்த மாதிரி நாளுக்குப் பாதுகாப்பு. மூன்று மணிக்கு மெட்ரோ ஏதாவது காரணத்தால் நின்றாலும் பாரிமுனையில் இருப்பவர் நடந்தே வாசலுக்கு வந்துவிடலாம். திருவொற்றியூரில் இருப்பவர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் தவிக்க வேண்டியதுதான்.

9.30-க்கு வாசல். ஆட்டோவில் மண்ணடி மெட்ரோ நிலையம், பத்து நிமிடம். நடந்தாலும் பதினைந்து நிமிடத்துக்குள்தான், ஆனால் மண்ணடித் தெருக்களில் நடைபாதை முழுக்கச் சரக்கு மூட்டை. அம்மாவுக்காக ஆட்டோவே எடுங்கள். நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது. எந்த வாயிலில் லிஃப்ட் என்று பலகை பார்த்து அந்தப் பக்கமாக இறங்குங்கள், எல்லா வாயிலிலும் கிடையாது. டிக்கெட் கவுன்ட்டரில் ரொக்கம் கொடுத்தால் க்யூ.ஆர். அச்சிட்ட சீட்டு தருவார்கள். வெளியே வரும்போதும் அதைக் காட்ட வேண்டும், கசக்கி எறிந்துவிடாதீர்கள். எவ்வளவு தூரம் போனாலும் ஒருவருக்கு 50 ரூபாயைத் தாண்டாது.

ரயில் ஏறும்போது முகப்புப் பலகையைப் பாருங்கள். நெரிசல் நேரத்தில் சில வண்டிகள் வண்ணாரப்பேட்டையோடு திரும்பிவிடும். ‘விம்கோ நகர்’ என்று போட்டிருந்தால் மட்டும் ஏறுங்கள். மண்ணடி விட்டால் வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, அடுத்தது திருவொற்றியூர் தேரடி. ஏழாவது நிறுத்தம். அங்கேயே இறங்குங்கள். அதற்கடுத்து வெறும் ‘திருவொற்றியூர்’ என்று ஒரு நிலையம் வரும், பெயரைப் பார்த்து அதில் இறங்கினால் கோயிலுக்குத் திரும்பி வர வேண்டும். தேரடியிலிருந்து கோயில் பக்கம்தான், சமதளம்.

வெள்ளிக்கிழமைக்கென்று இரண்டு விஷயம். 10.30 முதல் 12 வரை ராகு காலம். வடிவுடையம்மனுக்கு வெள்ளிக்கிழமையே கூட்டம், தை வெள்ளி என்றால் இன்னும் கூடுதல், ராகு காலத்தில் விளக்கேற்ற வருகிறவர்கள் அதற்கு மேல். 10.15-க்குள் உள்ளே போய் அம்மன் சந்நிதியை முதலில் முடித்துவிட்டு, பிறகு மற்றதைப் பாருங்கள். அன்று பௌர்ணமியா என்றும் காலண்டரில் பார்த்துவிடுங்கள். பௌர்ணமியன்று மேலூர் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது வழக்கம். வெள்ளியும் பௌர்ணமியும் சேர்ந்தால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். அப்படி அமைந்தால் கோயிலை விட்டுவிடுங்கள், ஆறரை மணி நேரத்தில் மூன்று மணி நேரம் வரிசைக்கே போகும்.

உள்ளே என்ன பார்ப்பது என்றால், மூலவர் ஆதிபுரீசுவரர் கருவறையைப் பின்பக்கமாக நின்று பாருங்கள். யானையின் முதுகு போல வளைந்த விமானம், தூங்கானை மாடம் என்பார்கள். ராஜேந்திர சோழன் காலத்துக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். சுவரில் கல்வெட்டு வரிகள் தெளிவாகவே தெரியும். மூலவர் ஆண்டு முழுவதும் கவசத்தோடுதான் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறப்பார்கள். ஜனவரியில் கவசத்தோடுதான் தரிசனம். சுந்தரர் சங்கிலியாரை மணந்தபோது பிரியேன் என்று சத்தியம் செய்த மகிழ மரம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மண்டபங்களில் சில இடங்களில் படி உண்டு. அம்மா வெளிப் பிரகாரத்தில் உட்கார்ந்துகொள்ள இடம் தாராளம். வெயில் ஏறிய பிறகு கல்தரை சுடும், காலுறை போட்டு வரச் சொல்லுங்கள். செருப்பு கழற்றி மாட்டச் சுலபமானதாக இருக்கட்டும்.

பட்டினத்தார் அடக்கமான இடம் கடற்கரைப் பக்கம். கோயிலிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம், ஆனால் நடுவில் எண்ணூர் நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டும், அது கன்டெய்னர் லாரிகளின் ராஜ்ஜியம். 11 மணிக்கு முன்னால் கோயில் முடிந்தால் மட்டும் போங்கள். 11.30-க்குத் தேரடியில் மீண்டும் ரயில்.

கல்மண்டபம்:

அக்கா, காசிமேடு பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். ஏலம் விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். விசைப்படகு கரைக்கு வந்து, கூடை கூடையா கொட்டி, ஏலக்காரர் வேகமா விலை ஏத்தி முடிச்சிட்டு அடுத்த கூடைக்குப் போயிடுவாரு. மொத்த வியாபாரம் எல்லாம் காலைல சீக்கிரமே ஓய்ஞ்சிடும். நீங்க ஒன்பதரைக்கு கேட்ட தாண்டி அங்க போய்ச் சேர பத்தாயிடும். அப்போ இருக்கறது கூறு கட்டி விக்கற அம்மாங்க, வலை பின்றவங்க, ஐஸ் வண்டி. அதுவும் பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நீங்க நினைச்சிட்டு வர்ற ஏலம் இருக்காது. ஏலம் பார்க்கணும்னா ஊர்லயே ஒரு ராத்திரி தங்கணும், கப்பல்ல வர்றவங்களுக்கு அது சரிப்படாது.

தரை பூரா மீன் தண்ணி, செதில், ஐஸ் கரைஞ்ச வழுக்கல். முட்டி வலி இருக்கற அம்மாவ அங்க கூட்டிட்டுப் போறது வேணாம். போனாலும் பின்னாடி பட்டை வெச்ச ரப்பர் செருப்பு போட்டுட்டு வாங்க, துணி ஷூ போட்டா அந்த வாடை கொச்சி வரைக்கும் கூட வரும். ஆளுங்கள போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடுங்க. வியாபாரம் மும்முரமா நடக்கறப்போ வழிய மறிச்சு நின்னா திட்டு விழும், அத மனசுல வெச்சுக்காதீங்க.

(பின்னாடி இத படிக்கறவங்களுக்கு: ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்கே போகாது. அந்த ரெண்டு மாசத்துல வந்துட்டு ஹார்பர் காலியா இருக்குன்னு சொல்லக்கூடாது.)

ராயபுரத்துல உங்களுக்கு ஏத்தது ரயில்வே ஸ்டேஷன்தான். 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பின இடம், வாலாஜா ரோடு வரைக்கும் போச்சு. பழைய கட்டடம், பெரிய பெரிய தூணோட இன்னும் நிக்குது. பீச் ஸ்டேஷன்லேர்ந்து வடக்கே ஒரே ஒரு நிறுத்தம். ஆவடி, அரக்கோணம் பக்கம் போற லோக்கல் நிக்கும். டிக்கெட் அஞ்சு ரூபா. ஆனா தாம்பரம் லைன் மாதிரி நிமிஷத்துக்கு ஒண்ணு கிடையாது, இடைவெளி ஜாஸ்தி. போற வண்டி நேரம் பார்க்கறப்பவே திரும்பற வண்டி நேரமும் பார்த்துடுங்க. பீச்ல பிளாட்பாரம் மாற மேம்பாலப் படி ஏறணும், அம்மாக்கு கஷ்டம். ஆட்டோலயே போய் அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு வந்துடலாம், நேரம் இருந்தா மட்டும்.

பார்சி நெருப்புக் கோயில் ராயபுரத்துலதான் இருக்குன்னு படிச்சிருப்பீங்க. இருக்கு, 1910-ல கட்டினது. ஆனா பார்சி அல்லாதவங்கள உள்ள விடமாட்டாங்க. அதுக்குன்னு ஆட்டோ எடுக்காதீங்க.

பினாங்கு_செல்வி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அப்படியென்றால் காலையில் திருவொற்றியூர், பிறகு ஜார்ஜ் டவுன். காசிமேட்டை விட்டுவிடுகிறோம் (கணவருக்குக் கொஞ்சம் வருத்தம்). அருங்காட்சியகம் இல்லையென்றால் மதியம் எங்கே? சாப்பாடு? கணவர் ‘அத்தோ’ (பர்மிய நூடுல்ஸ்) சாப்பிட்டே ஆக வேண்டும் என்கிறார். ரிங்கிட்டை எங்கே மாற்றுவது? கடப்பிதழ் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தங்கசாலை:

தேரடியில் 11.30-க்கு ஏறினால் 12 மணிக்குள் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கிவிடலாம். போகும்போது ஏறியது மண்ணடி. திரும்பும்போது அதற்கடுத்த நிலையத்தில், அதாவது உயர் நீதிமன்றத்தில், இறங்குங்கள். காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை ஒரு மணி வாக்கில் மண்ணடியில் ஜும்மா தொழுகை. அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கமெல்லாம் நெரிசலாகிவிடும், கடைகளும் ஒரு மணி நேரம் சாத்தியிருக்கும். தொழுகை முடிந்து கூட்டம் கலையும் வரை அந்தப் பக்கம் ஆட்டோ நகராது.

என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் ஏறி வந்ததும் நேரே அரண்மனைக்காரன் தெரு. அங்கே ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது, 1772-இல் கட்டியது. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், சாப்பாடு அப்புறம், பிற்பகலில் கதவைச் சாத்திவிடுவார்கள். இன்று சென்னையில் ஆர்மீனியர் கிட்டத்தட்ட யாருமே இல்லை. ஆனால் உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-இல் அச்சானது இந்த ஊரில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை இந்த வளாகத்திலேயே இருக்கிறது. மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், ஆறு பெரிய மணிகள். மரப்படி ஏறிப் பார்க்க அனுமதி கேட்காதீர்கள், கீழேயே நிறைய இருக்கிறது. தெருவில் காதைப் பிளக்கும் ஹாரன், உள்ளே மர நிழலும் கல்லறைப் பலகைகளும். அம்மா உட்கார நல்ல இடம். அதே தெருவில் கச்சாலீசுவரர் கோயிலும் புனித மரியன்னை இணைப் பேராலயமும் உண்டு. கோயில் அந்நேரம் சாத்தியிருக்கும்.

தம்பு செட்டித் தெருவின் காளிகாம்பாள் கோயிலையும் மதியம் பார்க்க முடியாது. 1677-இல் மராட்டிய மன்னர் சிவாஜி வந்து வணங்கியதாக அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். காலையில் வாசலிலிருந்து மண்ணடி நிலையம் போகும் வழியில்தான் அந்தத் தெரு. 9 மணிக்கே வெளியே வந்துவிட்டால் பத்து நிமிடம் இறங்கிக் கும்பிட்டுப் போகலாம். 9.30 ஆகிவிட்டால் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு 12.45-க்கே உட்கார்ந்துவிடுங்கள். ஒரு மணிக்கு மேல் பாரிமுனை ஓட்டல்களில் கோர்ட் வக்கீல்கள், வங்கி ஊழியர்கள், கடைச் சிப்பந்திகள் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள், நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டும். ஏ.சி. அறை உள்ள சைவ ஓட்டலாகப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் அம்மாவுக்குக் கால் நீட்ட இடமும் கழிவறையும் கிடைக்கும். ஜார்ஜ் டவுனில் தெருவோரப் பொதுக்கழிப்பிடத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். மெட்ரோ நிலையத்திலேயே போய்விட்டு வருவது நல்லது.

மதியம் 1.30 முதல் 3 வரை சௌகார்பேட்டை. பூக்கடையிலிருந்து தங்கசாலை வரை. இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு: கோடவுன் தெரு என்றால் துணி, ஆண்டர்சன் தெரு கல்யாணப் பத்திரிகையும் காகிதமும், நைனியப்ப நாயக்கன் தெரு நாட்டு மருந்து, கோவிந்தப்ப நாயக்கன் தெரு பிளாஸ்டிக்கும் பேன்சியும், பத்ரியன் தெரு பூ. மொத்தக் கடைகள், சில்லறையாகக் கேட்டால் சிலர் முகம் கொடுக்க மாட்டார்கள். மருந்துச் சரக்குக் கடைகளில் கால் கிலோகூடத் தருவார்கள். தங்கசாலைத் தெருவில் காகடா ராம்பிரசாத் கடையின் ஜிலேபி பேர் பெற்றது. நடுத்தெருவில் கைவண்டி, மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி), மோட்டார் பைக் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அம்மாவைச் சுவர்ப் பக்கம் விட்டு நீங்கள் தெருப் பக்கம் நடங்கள். சைக்கிள் ரிக்‌ஷா கிடைத்தால் இந்தச் சந்துகளுக்கு ஆட்டோவைவிட அது உத்தமம், ஏறும் முன்னால் விலை பேசிவிடுங்கள். தைப்பூசம் அதே வாரத்தில் வந்தால் கந்தகோட்டம் முருகன் கோயிலைச் சுற்றி அசையவே முடியாது. பினாங்குக்காரர்களுக்குத் தைப்பூசக் கூட்டம் பற்றிப் பாடம் தேவையில்லை.

அத்தோ விஷயம். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள தெருக்களில்தான் வண்டிகள். பெரும்பாலானவை பிற்பகலுக்கு மேல்தான் அடுப்பு மூட்டும், களை கட்டுவது மாலையில். 3.15 வாக்கில் அங்கே போனால் திறந்த கடை ஒன்று அகப்படலாம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். சூப் கொதித்துக்கொண்டே இருக்கும், பயமில்லை. புளித்தண்ணீரும் பச்சைக் கோஸும்தான் சந்தேகம். அடுத்த நாள் முழுக்கக் கடலில் என்றால் உங்கள் கணவர் பொரித்த முட்டை மசாலாவையும் சூடான மொய்ங்காவையும் (பர்மிய நூடுல்ஸ் சூப்) சாப்பிடுவது புத்திசாலித்தனம். மொய்ங்காவில் மீன் உண்டு, அம்மா சைவம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிங்கிட் மாற்றுவதில் ஒரு சிக்கல். பாரிமுனையில் அனுமதி பெற்ற பணமாற்றுக் கடைகள் பாஸ்போர்ட் கேட்கும், அது கப்பலிலேயே இருந்துவிட்டால் கதை முடிந்தது. ஏ.டி.எம். அட்டையை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவைத்து, ராஜாஜி சாலையிலேயே வங்கி வாசல் இயந்திரத்தில் எடுங்கள். 500 ரூபாய்த் தாளாக வரும், மெட்ரோ கவுன்ட்டரில் முதலில் அதை உடைத்துவிடுங்கள். ஆட்டோவிலும் ஜிலேபிக் கடையிலும் 500-க்குச் சில்லறை எதிர்பார்க்க வேண்டாம். எங்கும் யு.பி.ஐ. அட்டை தொங்கும், இந்திய வங்கிக் கணக்கு இல்லாமல் ஒரு பகல் மட்டும் வருகிறவருக்கு அது பெரும்பாலும் உதவாது. ஊபர் வெளிநாட்டு எண்ணிலேயே வேலை செய்யும், ஊரிலேயே ஏற்றிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஊர் கிராப் டாக்சி ஆப் இங்கே கிடையாது.

நங்கூரம்:

காகித விஷயம் என் பங்கு.

இ-விசாவில் வருகிறீர்கள் என்றால் சென்னை அதற்கு அனுமதித்த துறைமுகங்களில் ஒன்று, கொச்சியும் அதில் உண்டு. ஆனால் நடுவில் கொழும்பு வருகிறது. சென்னையில் நுழைந்து, இலங்கை போய், மறுபடி கொச்சியில் நுழைவது இரண்டாவது நுழைவு. எனவே விசாவில் எத்தனை நுழைவு என்று இப்போதே பாருங்கள். ஒற்றை நுழைவு விசாவாக இருந்தால் கொச்சியில் இறங்க முடியாது, அல்லது கப்பல் ஏறவே விடமாட்டார்கள். விசா அனுமதிக் கடிதத்தைக் காகிதத்தில் அச்சடித்து வாருங்கள், போனில் காட்டினால் போதும் என்று இருக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டைக் கப்பல் வைத்துக்கொள்கிறதா, உங்களிடமே தருகிறதா என்பது கப்பலுக்குக் கப்பல் வேறுபடும். எப்படியானாலும் இறங்கும்போது தரும் தரையிறங்கு அட்டை, கப்பல் அறை அட்டை இரண்டும் ஆளுக்கு ஆள் அவரவர் கையில் இருக்க வேண்டும். எல்லாருடையதையும் ஒருவர் பையில் போட்டு, அந்த ஒருவர் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் மூன்று பேரும் வாசலில் நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசாப் பக்கம் நகல் தனியாக. இமிக்ரேஷன் முத்திரை குத்திய தாள் எதுவாக இருந்தாலும் மாலை வரை தொலைக்காதீர்கள், திரும்பும்போது வாசலில் அதைத்தான் கேட்பார்கள்.

கடிகாரம்: இந்திய நேரம் மலேசிய நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுமா, மாற்றாதா என்பது கப்பல் முடிவு. போன் தானாக இந்திய நேரத்துக்கு மாறிவிடும், ‘5 மணி’ என்று கப்பல் சொன்னது கப்பல் நேரமாக இருக்கலாம். முந்தைய இரவு அறைக்கு வரும் தாளில் எந்த நேரம் என்று போட்டிருக்கும். அதே தாளில் துறைமுக ஏஜென்ட்டின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும், அதை எழுதிப் பையில் வையுங்கள்.

கப்பலே நடத்தும் டூர் பஸ் தாமதமானால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்கக் கடமை இல்லை. தவறவிட்டால் முதலில் ஏஜென்ட்டுக்கு அழையுங்கள். ஆள் வரவில்லை என்று தெரிந்தால் பாஸ்போர்ட்டை எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போவது கப்பல்களின் வழக்கம். அடுத்த துறைமுகத்துக்கு விமானச் செலவு உங்களுடையது, உங்களுக்கு அது வேறு நாடு, அந்த நாட்டின் அனுமதியும் தேவைப்படும். அம்மாவின் அன்றாட மாத்திரையில் இரண்டு நாள் அளவு கைப்பையில் இருக்கட்டும்.

3.30-க்கு மேல் பீச் ஸ்டேஷனைத் தாண்டி எங்கும் போகாதீர்கள். அப்போது மிச்ச நேரம் இருந்தால் ஜி.பி.ஓ.வுக்குள் போய்ப் பினாங்குக்கு ஒரு தபால் அட்டை போடலாம். ராஜாஜி சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்க வேண்டாம், சிக்னல் இருக்கும் இடமாகப் பார்த்துக் கடங்கள். அம்மாவுக்குச் சுரங்கப்பாதைப் படி கஷ்டம்.

பினாங்கு_செல்வி:

விசாவை இப்போதே எடுத்துப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: காசிமேடு போகாவிட்டாலும் கருவாடு வாங்கிக் கப்பலில் கொண்டுபோகலாமா? அம்மா கேட்கிறார். பர்மா பஜாரில் என்ன வாங்கலாம்?

கல்மண்டபம்:

கருவாடு வேணாம் அக்கா. நாலு கவர் சுத்தினாலும் அந்த ரூமுக்கு மட்டும் இல்ல, பக்கத்து ரூமுக்கும் தெரிஞ்சிடும். பெரும்பாலான கப்பல்ல ஏறும்போதே மீன், கறி, வெளில சமைச்ச சாப்பாடு எல்லாத்தையும் எடுத்து வெச்சிடுவாங்க. கொழும்பு, கொச்சின்னு அடுத்தடுத்த ஊர் கஸ்டம்ஸும் இருக்கு. சீல் போட்ட ஸ்வீட் டப்பா, காரம், வத்தல்னா பிரச்சனை வராது. நாட்டு மருந்துக் கடைல வாங்கற பொடி எதுவா இருந்தாலும் பேர் எழுதின பொட்டலமா கேட்டு வாங்குங்க, பேர் இல்லாத வெள்ளைப் பொடிய ஸ்கேன்ல விளக்கிட்டு நிக்க முடியாது.

பர்மா பஜார்ல போன் கவர், சார்ஜர், கேபிள் மாதிரி சின்னதா வாங்கலாம். அங்கயே சொருகி வேலை செய்யுதான்னு பார்த்துட்டு காசு குடுங்க, திரும்ப வந்து மாத்த உங்களால முடியாது. முதல்ல சொல்ற விலைல பாதிலேர்ந்து பேச ஆரம்பிங்க. கத்தி, லைட்டர் எல்லாம் அழகா அடுக்கி வெச்சிருப்பாங்க, தொடாதீங்க, கப்பல் சோதனைல போயிடும். சென்ட் பாட்டில் பிராண்ட் பேரோட கம்மி விலைக்குச் சொன்னா அது அந்த பிராண்ட் இல்ல.

அம்மாக்கு ஆசையா இருந்தா நல்ல மாங்கா வத்தலும் சுண்டைக்கா வத்தலும் வாங்கிக் குடுங்க.